அட்டாலியில் நாற்பது மூட்டை

இருசாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதியவரை உட்கார வைத்து, எழுதியதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கத் தெரியும். சேந்தமங்கலத்துப் பத்திர ஆபீசுக்கு எதிரே புளியமரத்தடியில் சாய்வுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த ராசப்பன், அன்று ஒரே வாடகைச் சீட்டை நான்காவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“‘...மேற்படி கிட்டங்கியின் அட்டாலியில் நாற்பது மூட்டைக்கு மேல் ஏற்றுவதில்லை என்றும்...’ போதுமா அம்மணி?”

“ஏத்தினா என்னன்னு எழுதலீங்களே.”

ராசப்பன் பேனாவைக் கீழே வைத்தார். “இருபத்திரண்டு வருசமா பத்திரம் எழுதறேன். மாடு கட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கறேன். சாராயம் வெக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கறேன். மூட்டைய எண்ணி எழுதச் சொன்னது நீதான் மொத ஆளு.”

பக்கத்தில் நின்ற அர்த்தனாரி சிரித்தார். பேளுக்குறிச்சியில் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். மலையில் விளையும் கடுகு, ஆமணக்கு, மிளகு, காப்பிக்கொட்டை எல்லாவற்றையும் மலைமேல் செம்மேட்டிலேயே வாங்கி, அங்கேயே சேர்த்து வைத்துக் கீழே இறக்க அவருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. பாதையோரத்தில் இருசாயியின் கிட்டங்கி அதற்கென்றே கட்டியதுபோல நின்றது.

“எழுதுங்க ராசப்பன். பொம்பளை ஆசைப்படுது. நான் என்ன மலையவே தூக்கி அட்டாலியில வெக்கப் போறனா?”

இருசாயி சிரிக்கவில்லை. “மீறி ஏத்தினா மிச்சத்தை நானே இறக்கி வெச்சுக்குவேன்னு எழுதுங்க. யாரையும் கேக்க மாட்டேன்னும் எழுதுங்க.”

ராசப்பன் அர்த்தனாரியின் முகத்தைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். பேனா மறுபடி ஓடியது. ‘மீறி ஏற்றும் பட்சத்தில் மிகுதியை வீட்டுக்காரர் முன்னறிவிப்பின்றித் தாமே இறக்கி வைக்கப் பாத்தியம் உண்டு’ என்று பத்திர பாஷையில் அது உட்கார்ந்தது. அதற்கடுத்து, ஊற்றிலிருந்து வரும் மூங்கில் குழாயிலிருந்து வேறு குழாய் பிரிப்பதில்லை என்று இன்னொரு வரி. அர்த்தனாரி கையெழுத்துப் போட்டார். இருசாயி கட்டை விரலை மையில் அமுக்கி, தன் பேருக்கு நேராக ஊன்றினாள். அவள் கணவன் பொன்னனும் அவளுக்குக் கீழே விரல் வைத்தான். அது 1941ஆம் வருஷம், பங்குனி மாதம்.

திரும்பி மலையேறும்போது பொன்னன் கேட்டான்: “அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா அப்படிச் சொல்லோணுமா புள்ள? அவுரு ஏத்தவே மாட்டாருன்னா?”

“ஏத்தாட்டி அந்த வரி சும்மா கெடந்துட்டுப் போவுது. அதுக்குக் கஞ்சியா ஊத்தப் போறம்?”

நாற்பது என்ற கணக்கு பொன்னனுடையது. கிட்டங்கியை அவன்தான் கட்டினான். மூன்று கோடைக்காலம் பிடித்தது. கல்லும் மண்ணும் வைத்த சுவர், மேலே புல்வேய்ந்த கூரை, நடுவில் ஐந்து பலா உத்திரங்களின் மேல் பலகை பாவிய அட்டாலி. தங்கள் சாமையும் கேழ்வரகும் போட்டு வைப்பதற்கும், பங்காளிகள் கொண்டுவந்து போட்டால் இடம் கொடுப்பதற்கும் என்றுதான் கட்டினார்கள். மூன்றாவது உத்திரத்தை இழைத்தபோது நடுவில் ஒரு கணு தெரிந்தது. வேறு மரம் தேட அந்த வருஷம் வழியில்லை. காட்டு மரத்தில் கை வைத்தால் ரேஞ்சர் ஆபீஸ்வரை போய் நிற்கவேண்டும். அந்த உத்திரத்தையே வைத்துவிட்டு, “நாப்பது மூட்டை வரைக்கும் நான் பேசறேன். அதுக்கு மேல அந்த மரந்தான் பேசோணும்” என்றான் பொன்னன்.

அவன் சொன்னதை இருசாயி அப்படியே பிடித்துக்கொண்டாள். பாரம் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருஷம் அவள் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து செம்மேட்டுக்குத் தலைச்சுமை சுமந்தவள். உப்பு, சீமையெண்ணெய், துணிப் பொதி, ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரத் துரையின் இரும்புக் கட்டிலின் ஒரு பக்கம். செங்குத்தான ஒற்றையடிப் பாதை. பெண்கள் வரிசையாக ஏறுவார்கள். முதலில் ஆளுக்கு ஒரு டின் சீமையெண்ணெய் என்று இருந்தது. பிறகு ஒரு டின்னும் அரைமூட்டை உப்பும் ஆயிற்று. “போன வாரம் தூக்கினீங்களே, கழுத்தா முறிஞ்சு போச்சு?” என்று கேட்டபடியே சுமைமேஸ்திரி ஏற்றிக்கொண்டு போனான். கழுத்து முறியவில்லைதான். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்தன. இருசாயி அதை யாரிடமும் சொல்லி அழுததில்லை. இரண்டாவது கலைந்த மூன்றாம் நாள் பாதி மலையில், மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உப்பு மூட்டையை ஒரு பாறைமேல் இறக்கி வைத்தாள். வெறும் டின்னோடு மேலே ஏறிப் போனாள். அதோடு அவளுக்குச் சுமை வேலை போயிற்று. அவள் திரும்பிக் கேட்கவும் இல்லை.

கிட்டங்கியை வாடகைக்கு விடச் சம்மதித்ததே அந்தச் சுமைக்காரப் பெண்களுக்காகத்தான். வந்த சரக்கில் கல்லும் தூசியும் பொறுக்கிச் சுத்தம் செய்ய அர்த்தனாரிக்கு ஆள் வேண்டியிருந்தது. இருசாயியின் தோழி குப்பாயியும் இன்னும் ஏழு பேரும் முறத்தோடு வந்து அட்டாலிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். வயதான காலத்தில் மலை இறங்கி ஏறாமல், மழை மேலே படாமல், உட்கார்ந்த இடத்தில் வேலை. குப்பாயி முதல் நாள் முறத்தில் புடைத்துக்கொண்டே, “நான் இப்படி உக்காந்து வேலை செய்யறத எங்கம்மா பாத்தா நம்ப மாட்டா” என்றாள்.

ஒன்றரை வருஷம் எல்லாம் சரியாகவே போயிற்று. செம்மேட்டில் அர்த்தனாரியின் ஏஜெண்டாக இருந்தவன் சின்னுசாமி. பேளுக்குறிச்சிக்காரன், முப்பது வயது இருக்கும், சுறுசுறுப்பானவன். முதலாளி சொன்னால் மறுபேச்சு இல்லை. முதல் மீறல் தண்ணீரில் வந்தது. காப்பிக்கொட்டையைக் கழுவத் தண்ணீர் போதவில்லை என்று அவன் ஊற்று மூங்கிலைப் பாதியில் துளைத்து, தனியே ஒரு குழாய் இழுத்துக்கொண்டான். அன்று உச்சிப் பொழுதுக்குள் கீழே இருந்த பதினோரு வீட்டிலும் தொட்டி வறண்டது. இருசாயி அரிவாளோடு வந்தாள். புதுக் குழாயைப் பிடுங்கினாள். கணுக்கணுவாக வெட்டினாள். அடுப்புக்கு ஆகும் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். துளையை மெழுகால் அடைத்தது பொன்னன்.

“கேட்டிருந்தா நானே எடுத்திருப்பேனே அம்மா” என்றான் சின்னுசாமி, முகம் சிவந்து.

“வெக்கறதுக்கு முன்னாடி நீ கேட்டியா சாமி?”



யுத்தம் முற்றிக்கொண்டிருந்த காலம் அது. பர்மா அரிசி வருவது நின்றுபோனது. கீழ்நாட்டில் எல்லாச் சரக்கும் விலை ஏறியது. அர்த்தனாரி வாங்குவதை நிறுத்தவில்லை, கீழே இறக்குவதை மட்டும் நிறுத்தினார். இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தார். பெண்கள் உட்காரும் இடம் போகத் தரைத்தளம் முழுக்க நிரம்பியது. மிச்சமெல்லாம் ஏணிவழியாக அட்டாலிக்குப் போயிற்று.

ஐப்பசியில் ஒரு காலை குப்பாயி முறத்தை நிமிர்த்திப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தாள். அவள் முந்தானையில் பொடிப்பொடியாக மரத்தூள் உதிர்ந்து கிடந்தது. உளுத்த மரத்தின் தூள் என்றுதான் அவள் நினைத்தாள். பேச்சுவாக்கில் இருசாயியிடம் சொன்னாள். இருசாயி கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தாள். ஏணியில் ஏறி மூட்டைகளை எண்ணினாள். எழுபத்திரண்டு. இறங்கி வந்து மூன்றாவது உத்திரத்தை அண்ணாந்து பார்த்தாள். அது நேராக இல்லை. கணு இருந்த இடத்தில் மயிரிழையாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது.

“எல்லாரும் வெளிய வாங்க.”

சின்னுசாமி ஓடி வந்தான். “என்னம்மா இது, வேலை நேரத்துல?”

“எழுபத்திரண்டு இருக்குது.”

“முதலாளி உத்தரவு. இந்த மாசம் மட்டுந்தான். ஒண்ணும் ஆவாது.”

“ஒண்ணும் ஆவாதுன்னு பத்திரத்துல எழுதலியே. நாப்பதுன்னுதான் எழுதியிருக்குது.”

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் ஏணியில் பாதி தூரம் போயிருந்தாள். பொன்னன் வாசலில் வந்து நின்றான். ஒரு கணம் தயங்கினான். அப்புறம் மேல்துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணிக்குக் கீழே தோள் கொடுத்தான். அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு பேருமாக முப்பத்திரண்டு மூட்டையை இறக்கினார்கள். எதையும் வீசவில்லை. முற்றத்தில் கல் பரப்பி, அதன்மேல் கழி பரப்பி, மூட்டைகளை அடுக்கி, இருந்த பாய் எல்லாவற்றையும் மேலே போர்த்தினார்கள். ஐப்பசி மழை சாரலாக அடித்துக்கொண்டுதான் இருந்தது. குப்பாயியும் மற்றவர்களும் கூரையோரமாக ஒண்டி நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் கை கொடுக்கவில்லை. கை கொடுத்தால் நாளைக்கு வேலை இருக்குமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இருசாயியும் கூப்பிடவில்லை.

சின்னுசாமி மலை இறங்கி ஓடினான். எட்டாம் நாள் கோர்ட்டு அமீனா ஒருத்தர் மூச்சிரைக்க மலையேறி வந்தார். அர்த்தனாரி நாமக்கல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். வழக்கு முடியும்வரை இருசாயி மூட்டைகளைத் தொடக் கூடாது என்று தடை உத்தரவு. அமீனா அதைப் படித்துக் காட்டிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“தொடக் கூடாதுன்னு மட்டுந்தானுங்களா?” என்று கேட்டாள் இருசாயி.

“ஆமாம்மா. மூட்டையைத் தொடக் கூடாது.”

“உள்ளே உக்காரலாமுங்களா?”

அமீனா தாளைத் திருப்பிப் பார்த்தார். “அதைப் பத்தி ஒண்ணும் இல்லை.”

சின்னுசாமி கூலியாட்களை வைத்து முப்பத்திரண்டு மூட்டையையும் மறுபடி அட்டாலியில் ஏற்றினான். பெண்களை உள்ளே வந்து உட்காரச் சொன்னான். சாரலில் சரக்கு நனையும், வெளியே வைத்துப் பொறுக்க முடியாது, உள்ளே உட்கார மாட்டேன் என்கிறவர்கள் வரவேண்டாம் என்றான். இருசாயி வாசலில் நின்று, “போவாதீங்க” என்றாள். மூன்று பேர் திரும்பிப் போனார்கள். குப்பாயி நின்றாள்.

“உனக்கென்ன, உனக்கு நெலம் இருக்குது, ஊடு இருக்குது. உன் நாப்பது மூட்டைக்காக என்னைய மறுபடி காரவள்ளிக்கு எறங்கச் சொல்றியா? என் முட்டிய பாத்தியா?”

“உத்திரத்தப் பாத்தியா நீ?”

“பாத்தேன். பாத்துட்டுத்தான் போறேன்.”

குப்பாயி உள்ளே போய்த் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். அந்த இடம் சரியாக மூன்றாவது உத்திரத்துக்குக் கீழே. இருசாயி வீட்டுக்குப் போனாள். தன் முறத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். குப்பாயியின் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு அதே இடத்தில் தான் உட்கார்ந்தாள்.

“எந்திரி இருசா. உன்னைய யாரு வேலைக்குக் கூப்பிட்டது?”

“யாரும் கூப்பிடல. கூலியும் வேண்டாம். என் ஊட்டு உத்திரம். உழுந்தா எந்தலையில மொதல்ல உழுவட்டும். அப்புறம் உங்களுக்குப் பதில் சொல்றதுக்கு நான் இருக்க மாட்டேன்.”

சின்னுசாமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியே போ என்று சொல்ல அவன் கையில் இருந்த உத்தரவில் இடமில்லை. மறுநாளும் அவள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. அவள் பொறுக்கிய கடுகில் ஒரு கல் இராது. வேலையில் யாரும் குறை சொல்லவில்லை. அண்ணாந்தும் பார்க்க மாட்டாள். சின்னுசாமிதான் பார்த்தான். உள்ளே வரும்போதெல்லாம் அவன் கண் தன்னையறியாமல் மேலே போயிற்று. கடைசியில் அவன் சுவரோரமாகவே நடக்கப் பழகிக்கொண்டதைப் பெண்கள் கவனித்தார்கள்.

மார்கழியில் வாய்தா. இருசாயியும் பொன்னனும் விடியலில் புறப்பட்டுக் காரவள்ளிக்கு இறங்கி, சேந்தமங்கலம் நடந்து, அங்கே கரி பஸ் ஏறினார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் அடுப்பைக் கட்டிக் கரி போட்டு ஓட்டினார்கள். வழியில் இரண்டு இடத்தில் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. “பாரம் அதிகம்” என்று கண்டக்டர் சொன்னபோது பொன்னன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கும் நிலையில் இல்லை. அவளுக்கு வக்கீல் கிடையாது. பத்திரத்தை இடுப்பில் மடித்துச் செருகியிருந்தாள். சாட்சிக்கு வந்து நிற்பதாக ராசப்பன் சொல்லியிருந்தார். வந்தும் நின்றார்.

அர்த்தனாரியின் வக்கீல் கெட்டிக்காரர். மூட்டையை மழையில் போட்டதால் சரக்கு கெட்டது என்றார். அப்படி ஒரு ஷரத்தே வியாபாரத்துக்கு ஒவ்வாதது என்றார். மரம் தாங்கும் பாரத்துக்கும் அந்த நாற்பதுக்கும் சம்பந்தமே இல்லை, படிக்காதவர்கள் வாய்க்கு வந்த எண் என்றார். முன்சீப் நிதானமான மனிதர். ஓவர்சியர் ஒருவரை அனுப்பிக் கட்டடத்தைப் பார்த்து வரச் சொல்லி உத்தரவு போட்டார்.

தையில் ஓவர்சியர் டோலியில் வந்து இறங்கினார். உத்திரத்தின் இரு முனைக்கும் நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு தொங்குகிறது என்று அளந்தார். ஒரு விரற்கடைக்குமேல் இறங்கியிருந்தது. வெடிப்பில் ஊசி விட்டுப் பார்த்தார். மரத்தின் பருமனை எல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டு, ஒரு மூட்டையைத் தராசில் தூக்கச் சொன்னார். பொன்னனைக் கூப்பிட்டு, “நீதான் கட்டினாயா? நல்ல வேலை” என்றார். பொன்னனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஓவர்சியரின் காகிதம் கோர்ட்டில் படிக்கப்பட்டது. எழுபத்திரண்டு மூட்டை அபாயம், உடனே குறைக்கவேண்டும். ஐம்பத்தைந்து வரை தாராளமாகத் தாங்கும்.

வக்கீல் எழுந்தார். அவர் முகத்தில் தோற்ற களையே இல்லை. “என் கட்சிக்காரர் ஐம்பத்தைந்தோடு நிறுத்திக்கொள்ளச் சம்மதிக்கிறார். அந்த அம்மாளும் சம்மதித்தால் வழக்கே முடிந்தது.”

அர்த்தனாரி எழுந்து நின்று இருசாயியின் பக்கம் கும்பிடாத குறையாகத் தலையசைத்தார். ராசப்பன் முன்னால் குனிந்து, “ஒத்துக்கோ அம்மணி. ஜெயிச்ச மாதிரிதான்” என்று கிசுகிசுத்தார். பொன்னனும் அவள் முழங்கையைத் தொட்டான். தான் கட்டிய மரம் தான் நினைத்ததைவிடப் பலமானது என்று ஒரு ஓவர்சியர் எழுதிக் கொடுத்தபிறகு, அவனுக்கு இனி என்ன வேண்டும்?

முன்சீப் அவளைக் கூண்டுக்குக் கூப்பிட்டு, “என்னம்மா சொல்கிறாய்?” என்றார்.

“இல்லீங்க எசமான். நாப்பதுதானுங்க.”

“ஐம்பத்தைந்து தாங்கும் என்று விஷயம் தெரிந்தவர் சொல்லியிருக்கிறாரே.”

“தாங்குமுங்க. அவுரு சொல்றது பொய்யில்லீங்க. எங்கூட்டுக்காரரு நாப்பதுன்னு சொன்னப்பவே அம்பது தாங்குமுன்னு எனக்குத் தெரியுமுங்க.”

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. வக்கீல் வாயைத் திறந்தார். முன்சீப் கையமர்த்தினார். “பிறகு ஏன் பிடிவாதம்?”

இருசாயி கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “முறியற வரைக்கும் ஏத்தறதுக்கு நான் வாடகைக்கு உடலீங்க. அம்பத்தஞ்சு தாங்குமுன்னா அறுவது ஏத்துவாங்க. அதுவும் தாங்கிருச்சுன்னா எழுவது. எப்ப நிறுத்துவாங்கன்னா, முறிஞ்சப்புறந்தானுங்க நிறுத்துவாங்க. எம்மேல ஏத்துனவங்களும் அப்படித்தான் ஏத்துனாங்க, கழுத்து முறியலியேன்னு. அந்த அட்டாலிக்குக் கீழ அஞ்சு பொம்பளைங்க உக்காந்திருக்கறாங்க எசமான். மரம் எவ்வளவு தாங்குமுன்னு பாக்கறதுக்கு அவங்க தலை அளவுகோல் இல்லீங்க. நாப்பதுன்னு அவுருதான் கையெழுத்துப் போட்டாரு. யாரும் கையப் புடிச்சுப் போட வெக்கலீங்க.”

முன்சீப் பத்திரத்தை வாங்கி அந்த வரியைத் தாமே படித்தார். பிறகு அர்த்தனாரியைக் கூண்டுக்குக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார். “இந்தக் கையெழுத்துப் போடும்போது நாற்பது என்றால் எவ்வளவு என்று உமக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்க” என்றார் அர்த்தனாரி. வேறென்ன சொல்ல முடியும்.

மாசியில் தீர்ப்பு வந்தது. மரம் எவ்வளவு தாங்கும் என்பது இங்கே கேள்வியே அல்ல, இருவரும் ஒப்புக்கொண்டது நாற்பது, அது பதினைந்து நாளைக்குள் நாற்பது ஆகவேண்டும், இல்லாவிட்டால் கட்டடத்தைக் காலி செய்யவேண்டும் என்று முன்சீப் எழுதியிருந்தார். மூட்டைகளை இறக்கியது அவள் பாத்தியம்தான். ஆனால் இறக்கியதை நனையாமல் பாதுகாத்திருக்கவேண்டும், கெட்டுப்போன இரண்டு மூட்டைக் கடுகுக்கு அவள் ஈடு செய்யவேண்டும் என்றும் எழுதியிருந்தார். “அது எந்தப்புத்தான்” என்று இருசாயி உடனே ஒப்புக்கொண்டாள். தன் வீட்டுக் கடுகிலிருந்து இரண்டு மூட்டை அளந்து கட்டி, சின்னுசாமியின் முன்னால் வைத்தாள்.

அர்த்தனாரி நாற்பதாகக் குறைக்கவில்லை. மொத்தமாகவே காலி செய்துவிட்டார். கழுதைகள் வரிசையாக இறங்கிப் போயின. சின்னுசாமி கடைசியாகச் சாவியைக் கொடுக்க வந்தான். கொடுத்துவிட்டும் போகாமல் நின்றான்.

“ஒண்ணு கேக்கட்டுங்களா? நெசமாவே பயமில்லாமயா தெனமும் அங்க உக்காந்தீங்க?”

“பயமில்லாம எப்படி? முதுகெல்லாம் வேர்த்து ஊத்துச்சு. நீ பாக்கறதுக்கு முன்னாடி தொடச்சுக்குவேன்.”

கிட்டங்கி காலியாக நின்றது. முறம் பிடித்த பெண்களுக்கு வேலை போயிற்று. கோர்ட்டில் யார் பேரைச் சொல்லி இருசாயி வாதாடினாளோ அவர்களே அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். குப்பாயி ஊற்றில் குடம் வைத்திருக்கும்போது இருசாயி வந்தால் குடம் நிரம்புவதற்குள் எடுத்துக்கொண்டு போவாள். பங்குனியில் குப்பாயி மறுபடி சுமைக்குக் காரவள்ளி இறங்கினாள் என்று கேள்விப்பட்ட அன்று இருசாயி சோறு தின்னவில்லை. ஆனாலும் பொன்னன், “அம்பத்தஞ்சுக்கு ஒத்திருக்கலாமோ?” என்று கேட்டபோது அவள் பேச்சில் இளக்கம் இல்லை.

“நீ ஒத்துக்கிட்டிருப்பியா, அவ அங்க உக்காந்திருக்கறப்ப உழுந்திருந்தா?”

“உழுந்திருக்காதுன்னுதான அந்த ஓவர்சியரு சொன்னாரு?”

“அவுரு வந்து அதுக்குக் கீழ உக்காரலியே மாமா.”

பொன்னன் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சித்திரையில் ரேஞ்சர் ஆபீசுக்குத் தானே போய் அனுமதிச் சீட்டு வாங்கி வந்து, மூன்றாவது உத்திரத்தின் பக்கத்தில் இன்னொரு மரம் கொடுத்து நிறுத்தினான். அவள் கேட்காமலே செய்தான்.

ஆடியில் சர்க்காரிலிருந்து ஆள் வந்தது. கீழ்நாடு முழுக்க ரேஷன் வந்துவிட்ட சமயம். மலைக்கும் ஒரு தானிய டிப்போ வைக்கவேண்டும், அதற்குக் கட்டடம் பார்க்கவேண்டும் என்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர், டவாலி போட்ட சேவகனோடு வந்தார். கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்தார், பிடித்துப்போயிற்று. கையோடு அச்சடித்த வாடகை ஃபாரம் கொண்டுவந்திருந்தார். வெற்றிடங்களை நிரப்பி, விரல் வைக்க மையை நீட்டினார்.

“முழுசும் படியுங்க” என்றாள் இருசாயி.

அவர் கொஞ்சம் சலிப்போடு படித்தார். அட்டாலி பற்றிய இடம் வந்தது. “‘கட்டடத்தின் மேல்தளத்தில் நியாயமான அளவுக்கு மேல் பாரம் ஏற்றலாகாது.’”

“நியாயமான அளவுன்னா எத்தனை மூட்டைங்க?”

“அது... இடத்துக்குத் தகுந்த மாதிரி. சர்க்கார் ஃபாரம் அம்மா இது. எல்லா இடத்துக்கும் ஒரே அச்சு.”

“எங்கூடு ஒண்ணுதானுங்களே. எத்தனைன்னு எழுதுங்க.”

“அச்சடிச்சதை நான் மாத்த முடியாது.”

“அப்ப மையை மூடி வையுங்க.”

சேவகன் ஒரு எட்டு முன்னால் வந்தான். “யாருகிட்ட பேசறேன்னு தெரியுதா?”

“தெரியுது சாமி. எங்கூட்டுக்குள்ள நின்னு எங்கிட்ட விரல் கேக்கறவுருகிட்ட.”

இன்ஸ்பெக்டர் குடையை விரித்துக்கொண்டு வெளியே போனார். செம்மேட்டில் இன்னும் இரண்டு இடங்களைப் போய்ப் பார்த்தார். ஒன்றில் சுவர் இல்லை, இன்னொன்றில் கூரை இல்லை. பொழுது இறங்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். முற்றத்தில் நின்ற பொன்னனைத் தனியே அழைத்து, எத்தனை மூட்டை என்று எழுதவேண்டும் என்று கேட்டார். பொன்னன் இப்போது இரட்டை உத்திரம் கொடுத்திருந்தான். கணக்குப் போட்டு அறுபது என்று சொல்லியிருக்கலாம். அவன் வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தான்.

“அவளையே கேட்டுக்கோங்க.”

இருசாயி வந்தாள். பொறுக்கும் பெண்களுக்கு, முன்பு இருந்த எட்டுப் பேருக்கும், டிப்போவில் தானியம் புடைக்கும் வேலை தரவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரத்தில் மையால் எழுதினார். பிறகு ‘நியாயமான அளவு’ என்ற அச்சு எழுத்துக்களின் மேல் ஒரு கோடு கிழித்தார்.

“சொல்லு. எத்தனை?”

“நாப்பது.”

எழுதினார். எண்ணாலும் எழுதச் சொன்னாள், எழுத்தாலும் எழுதச் சொன்னாள். இரண்டையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகுதான் விரலை நீட்டினாள். மை காய்வதற்குள் குப்பாயியின் வீட்டைப் பார்த்து நடந்தாள், நாளைக் காலையில் முறத்தோடு வரவேண்டும் என்று சொல்ல.